சாவடிக்கு 111 ஓட்டு

ஒரு சட்டமன்றத் தொகுதியில் 2,00,000 செல்லுபடியான ஓட்டு விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டிய டெபாசிட் திரும்பி வர அதில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டியாக வேண்டும், அதாவது 33,334. தொகுதிக்கு 300 சாவடி என்றால் சாவடிக்கு 111-ஐத் தாண்ட வேண்டும். நோட்டாவில் விழுந்தது இந்தக் கணக்கில் சேராது, அது ஒரு சின்னச் சலுகை. இரண்டு பெரிய கழகங்களும் வேண்டாம், மூன்றாவதாக ஒரு கட்சியில்தான் அரசியல் என்று முடிவெடுக்கிற பொறியாளர் முதலில் பழக வேண்டியது இந்த 111-ஓடுதான். கொள்கை, கொடி, பாட்டு எல்லாம் அதற்கப்புறம்.

தேமுதிக 2006-இல் தனியாக நின்று 8.4 விழுக்காடு வாங்கியது. மேலே போட்ட கணக்கில் அது சாவடிக்கு 56 ஓட்டு. கிடைத்த இடம் ஒன்றே ஒன்று, விருத்தாசலம். அதே கட்சி 2011-இல் அதிமுக கூட்டணியில் 41 இடங்களில் நின்றபோது மாநில அளவில் 7.9 விழுக்காடுதான் வாங்கியது, ஆனால் 29 பேர் சட்டமன்றத்துக்குள் போனார்கள். நாம் தமிழர் 2021-இல் 234 தொகுதியிலும் தனித்து நின்று ஏறக்குறைய 6.6 விழுக்காடு வாங்கியது. இடம் ஒன்றும் இல்லை. மாநிலம் முழுக்க ஒரே கனத்தில் பரவிய ஓட்டுக்கு நம் தேர்தல் முறை எதுவும் தராது. ஒரு தூணுக்கு வாங்கிய கான்கிரீட்டைத் தெரு முழுக்கப் பரப்பினால் தெருவும் நிற்காது, தூணும் நிற்காது. ஆகவே முதல் தேர்தலில் 300 சாவடிக்கும் நோட்டீஸ் கொடுத்துக் களைத்துப்போவதைவிட, 40 சாவடியில் 150 ஓட்டு வாங்குவது பெரிய வேலை என்பது என் வாதம். டெபாசிட் போகும். போகட்டும், 10,000 ரூபாய்தான். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு 5,000.

இந்தப் பேச்சு வந்தால் பொறியாளர்கள் உடனே கேஜ்ரிவாலைச் சொல்வார்கள். ஐஐடி காரக்பூரில் மெக்கானிக்கல், டாடா ஸ்டீலில் வேலை, பிறகு வருவாய்ப் பணி, 2012-இல் கட்சி, 2013 டிசம்பரில் டெல்லியில் 70-க்கு 28. இந்த வரிசையில் எல்லாரும் தாண்டிப் போகிற ஓர் இடம் உண்டு. கட்சி தொடங்குவதற்குப் பல ஆண்டு முன்பே பரிவர்த்தன் என்ற அமைப்பின் வழியாகக் கிழக்கு டெல்லி சுந்தர் நகரியில் ரேஷன் கடைப் பதிவேடுகளைத் தகவல் உரிமையில் வாங்கி, கார்டு வைத்திருப்பவர்களிடம் போய் ஒத்துப் பார்த்தார்கள். பதிவேட்டில் கொடுத்ததாக இருக்கும் கோதுமை வீட்டுக்கு வந்ததா என்று கேட்பதுதான் வேலை. அதற்கு மேடை தேவைப்படவில்லை.

தமிழ்நாட்டில் அந்த வேலைக்குச் சமமானது சாலை. எஸ்டிமேட்டில் 500 மீட்டர் நீளம், 3.75 மீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் கனம் என்று இருக்கிறது. பெருக்கினால் 56.25 கன மீட்டர். இறுக்கிய தார்க் கலவை கன மீட்டருக்குச் சுமார் 2.4 டன் என்று எடுத்தால் 135 டன். 15 டன் ஏற்றும் டிப்பரில் 9 லோடு. வந்தது 6 லோடு என்றால் கனம் 20 மில்லிமீட்டர்தான் ஆகியிருக்கும். லோடு எத்தனை என்பதை எதிரில் இருக்கும் டீக்கடைக்காரர் சொல்லிவிடுவார், அதைக் கனமாக மாற்றிச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆள்தான் பொறியாளர். கட்சிக்கு அவர் கொண்டுவரும் முதல் சொத்து இது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் போடும் மனுவில் 'சாலை ஏன் இப்படிப் பெயர்ந்துபோனது' என்று கேட்டால் பதில் வராது. கேள்விக்கு விளக்கம் சொல்வது அவர்கள் கடமை அல்ல, ஆவணத்தைக் கொடுப்பதுதான் கடமை. அதனால் மதிப்பீட்டின் நகல், வேலை உத்தரவு, எம்-புக் என்று ஒப்பந்ததாரர்கள் சொல்லும் அளவுப் புத்தகத்தில் அந்த வேலைக்கான பக்கங்கள், கடைசி பில் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். 10 ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில், இல்லையென்றால் அடுத்த 30 நாளில் முதல் மேல்முறையீடு, அதற்கும் பலனில்லையென்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். பலருக்குத் தெரியாத ஒன்று: அதே சட்டத்தின் 2(ஜே) பிரிவு, நடந்த வேலையை நேரில் பார்வையிடவும் பொருளின் சான்றளித்த மாதிரியை எடுக்கவும் உரிமை தருகிறது. அளவுப் புத்தகம் 30 என்று சொல்லும் இடத்தில் வெட்டி எடுத்த துண்டு 20 என்று காட்டினால் அதற்கு மேல் பேச்சு வேண்டியதில்லை.

அந்தத் துண்டைப் பொதுவில் வைக்கும் இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு. வாயால் சொல்லிவிட்டு வந்தால் காற்றோடு போய்விடும், தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும், ஏறியதைப் படித்துப் பார்த்துவிட்டு எழுந்து வர வேண்டும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. மூன்றாவது கட்சிக்காரருக்கு ஊரில் எதிரி அமைச்சர் அல்ல, ஒப்பந்ததாரரின் மைத்துனர். அதே தெருவில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் முகம் பார்க்க வேண்டியவர். ஆளைத் திட்டாமல் அளவை மட்டும் பேசிப் பழகியவர்கள்தான் இரண்டாவது ஆண்டும் ஊருக்குள் இந்த வேலையைச் செய்ய முடிகிறது.

நிற்கும் முதல் தேர்தல் சட்டமன்றமாக இருக்க வேண்டியதில்லை. ஊராட்சித் தலைவர், ஊராட்சி வார்டு உறுப்பினர் இரண்டும் கட்சிச் சின்னம் இல்லாதவை. ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் கட்சிச் சின்னத்தில் நடப்பவை. இவற்றை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், சட்டமன்றத்துக்கு இந்தியத் தேர்தல் ஆணையம். படிவங்கள் வேறு, விதிகள் வேறு. ஒன்றின் படிவத்தை மற்றதற்குத் தூக்கிக்கொண்டு போவதும் நடக்கத்தான் செய்கிறது.

தொழிலைப் பற்றி இரண்டு வார்த்தை. சிவில் பொறியாளர்களில் பலர் அரசு ஒப்பந்தம் எடுப்பவர்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 9ஏ பிரிவுப்படி, மாநில அரசோடு தன் தொழில் வழியில் போட்ட ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்வரை சட்டமன்றத்துக்கு நிற்க முடியாது. வேலையை முழுக்க முடித்துவிட்டு பில் பணம் மட்டும் நிலுவையில் இருந்தால் அது தடையில்லை என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. ஆகவே முடித்ததற்கான சான்றிதழைக் கையில் வாங்கிவிட்டே மனுப் போட வேண்டும். மின்வாரியத்திலோ பொதுப்பணித் துறையிலோ இருப்பவர் ராஜினாமாக் கடிதம் கொடுத்தால் போதாது, அது ஏற்கப்பட்டுப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட ஆணை வேண்டும். பார்க்கப்படுவது மனுப் பரிசீலனை நாளன்று நிலைமை என்ன என்பது. வயது 25 ஆனதா என்பதும் அன்றைக்குத்தான். தனியார் கம்பெனியில் இருப்பவரைத் தேர்தல் சட்டம் தடுக்காது. நியமனக் கடிதத்தில் வெளி நடவடிக்கை பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியது அவர் பாடு.

கட்சி தொடங்கலாமா, இருப்பதில் சேரலாமா என்ற கேள்விக்கு என் பதில் எப்போதும் சேருங்கள் என்பதுதான். அதே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவில் கட்சியைப் பதிவது கடினமில்லை: வாக்காளர்களாக உள்ள 100 உறுப்பினர், 10,000 ரூபாய் வரைவோலை, கட்சி தொடங்கி 30 நாளுக்குள் விண்ணப்பம், நாளிதழ்களில் அறிவிப்பு. கஷ்டம் அதற்குப் பிறகு. ஆண்டுதோறும் தணிக்கைக் கணக்கு, நன்கொடை அறிக்கை, தேர்தல் செலவு அறிக்கை. தேர்தலில் நிற்காமல் பெயரளவில் இருந்த கட்சிகளை ஆணையம் 2025 ஆகஸ்டில் 334, செப்டம்பரில் 474 என்று பட்டியலிலிருந்து நீக்கியது. பதிவு செய்ததோடு கட்சி உருவாகிவிட்டது என்று நினைத்தவர்களும் அதில் போனார்கள்.

அங்கீகாரம் இல்லாத கட்சிக்கு உண்மையான சோதனை சின்னம். 1968 சின்னங்கள் ஆணையின் 10பி பத்தியில், எல்லா வேட்பாளருக்கும் ஒரே பொதுச் சின்னம் கேட்கலாம். சட்டமன்றத்தின் காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போது அந்தக் கதவு திறக்கும். குறைந்தது 5 விழுக்காடு தொகுதிகளில் நிற்க வேண்டும், தமிழ்நாட்டில் அது 12. முந்தியவருக்கே முதலிடம். 2024 மக்களவைத் தேர்தலில் நாம் தமிழர் கட்சி தன் பழைய கரும்பு விவசாயி சின்னத்தை இழந்தது அப்படித்தான். வேறு மாநிலத்துக் கட்சி ஒன்று முன்னால் விண்ணப்பித்து வாங்கிவிட்டது, நீதிமன்றமும் உதவவில்லை, ஒலிவாங்கியோடு களத்தில் நின்றார்கள். அந்தத் தேர்தலில் 8 விழுக்காட்டைத் தாண்டியதால் மாநிலக் கட்சியாக அங்கீகாரம் கிடைத்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு தேர்தலிலும் சின்னத்துக்குக் காலண்டர் பார்த்து நின்றதுதான் நிலை. கதவு திறக்கும் அன்றே விண்ணப்பம் டெல்லியில் இருக்க வேண்டும் என்பதைக் கட்சிக்குள் ஒருவர் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். கெடு தேதியோடு வாழ்ந்து பழகிய பொறியாளருக்கு ஏற்ற வேலை.

பொதுச் சின்னமும் கிடைக்காவிட்டால் மனுவில் மூன்று சின்னங்களை வரிசைப்படுத்தித் தர வேண்டும். கைக்கு வருவது வாபஸ் நேரம் முடிந்த பிறகு. 2021-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: மார்ச் 12 அறிவிக்கை, 19 கடைசி நாள், 20 பரிசீலனை, 22 வாபஸ், ஏப்ரல் 6 வாக்குப்பதிவு. ஏப்ரல் 4 மாலையோடு பிரச்சாரம் முடிந்தது. சின்னம் தெரிந்ததிலிருந்து 13 நாள். அதற்குள் அச்சடித்து, ஒட்டி, இரண்டு லட்சம் பேர் மனதில் ஒரு பொத்தானைப் பதிக்க வேண்டும். அதனால் சின்னத்துக்கு மட்டும் வெற்றிடம் விட்டு நோட்டீஸ் வடிவமைப்பை முன்பே முடித்து, அச்சகத்தில் தாளையும் வாங்கி வைத்திருப்பவர் மூன்று நாள் லாபம் பார்ப்பார்.

இனி வேட்புமனு. மூன்றாவது கட்சிகள் ஓட்டால் தோற்பதற்கு முன்பே மேசையில் தோற்கிற இடம் இது, கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

சட்டமன்றத்துக்குப் படிவம் 2பி. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளர் முதல் பகுதியை நிரப்புவார், ஒரே ஒருவர் முன்மொழிந்தால் போதும். மற்ற எல்லாருக்கும் இரண்டாம் பகுதி, பத்துப் பேர். பதிவு பெற்ற கட்சியாயிற்றே என்று முதல் பகுதியை நிரப்பி ஒரு கையெழுத்தோடு போனால் மனு அங்கேயே செத்தது. பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். தொகுதி எல்லைத் தெருக்களில் எதிர் வீட்டுக்காரர் அடுத்த தொகுதியில் இருப்பார், பெயரைக் கேட்டால் போதாது, பட்டியலில் பாகம் எண், வரிசை எண் பார்த்து எழுத வேண்டும். எண் எழுதியதில் சின்னப் பிழை இருந்தால் அதற்காகத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஆளே வேறு தொகுதி என்றால் காப்பாற்ற முடியாது. கைநாட்டு வைப்பவர் என்றால் தேர்தல் அலுவலர் முன்னிலையில் வைக்க வேண்டும், வீட்டில் வைத்துக் கொண்டுவந்தது செல்லாது.

2017 டிசம்பர் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு தள்ளுபடியானது நினைவிருக்கும். முன்மொழிந்த பத்துப் பேரில் இருவர் அது எங்கள் கையெழுத்து இல்லை என்று சொன்னதுதான் காரணம். பத்து என்றால் சரியாகப் பத்து, அதில் ஒன்று உதிர்ந்தாலும் ஒன்பது. இதற்குச் சட்டத்திலேயே மாற்று வழி இருக்கிறது: ஒருவர் ஒரு தொகுதியில் நான்கு மனுத் தொகுப்புகள்வரை தாக்கல் செய்யலாம், டெபாசிட் ஒன்றே போதும். நான்கிலும் அதே பத்துப் பேரின் கையெழுத்தை வாங்கினால் நான்கும் சேர்ந்தே விழும். வெவ்வேறு ஊர், வெவ்வேறு சாதித் தெரு, ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத நாற்பது பேர் வேண்டும். ஒரே ஆள் மிரட்டிப் பத்துப் பேரையும் மாற்றிவிட முடியாதபடி. ஒரே மின்கம்பியில் இரண்டு பம்பையும் மாட்டிவிட்டு ஸ்டாண்ட்-பை இருக்கிறது என்று எந்தப் பொறியாளரும் சொல்லமாட்டார். கையெழுத்து வாங்கும்போது ஆளும் அட்டையும் தெரிகிற மாதிரி வீடியோ எடுத்து வைப்பதும் வழக்கமாகிவிட்டது, நல்ல வழக்கம்.

படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. இல்லாததற்கு 'இல்லை', பொருந்தாததற்கு 'பொருந்தாது' என்று எழுத வேண்டும். கோடு போட்டுவிட்டு வருவது கூடாது. காலியாக விட்டால் அலுவலர் நினைவூட்டுவார், அப்புறமும் நிரப்பாவிட்டால் தள்ளுபடி செய்யலாம் என்பது 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கணவன் அல்லது மனைவி, சார்ந்திருப்பவர் எல்லாருக்கும் ஐந்தாண்டு வருமான வரிக் கணக்கின் விவரம் உண்டு. வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் அங்கே மறந்துபோன வங்கிக் கணக்கையும் பங்குகளையும் எழுத வேண்டும், ஐடி துறைக்காரர்கள் சறுக்குவது இங்கேதான்.

இவர் எங்கள் வேட்பாளர் என்று கட்சி கொடுக்கும் ஏ, பி படிவங்கள் கடைசி நாள் மாலை 3 மணிக்குள் சேர வேண்டும், கையெழுத்து மையில் இருக்க வேண்டும். ரப்பர் ஸ்டாம்ப் கையெழுத்தோ ஃபேக்ஸ் நகலோ ஏற்கப்படாது. உறுதிமொழி இன்னொன்று. மனுக் கொடுத்த பிறகு, பரிசீலனை நாளுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். கடைசி நாள் 2.55-க்கு மனுவை நீட்டிவிட்டு, மாலை போட வந்த கூட்டத்தோடு வெளியே போய்விட்டால் மறுநாள் காலை எடுத்துக்கொள்ளலாம் என்பது நடக்காது. வேறு தொகுதியில் ஓட்டு உள்ளவர் தன் பெயர் உள்ள பட்டியல் பக்கத்தின் சான்றிட்ட நகலையும் கொண்டுபோக வேண்டும். என்னைக் கேட்டால் இரண்டாம் நாளே தாக்கல் செய்துவிட வேண்டும். குறை இருந்தால் திருத்த நாள் மிச்சமிருக்கும். நல்ல நேரம் பார்ப்பவர்களுக்கு இது கசக்கும்.

பிரச்சாரத்தில் விதி சார்ந்தவை சில மட்டும். எந்த நோட்டீசிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் வேண்டும். இல்லையென்றால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவில் ஆறு மாதம்வரை சிறை. டிவி, சமூக ஊடக விளம்பரத்துக்கு மூன்று நாள் முன்பே சான்று வாங்க வேண்டும். ஒலிபெருக்கி காலை 6 முதல் இரவு 10 வரை. இயந்திரத்தில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் மேலே, பதிவு பெற்றவை அடுத்து, சுயேச்சைகள் கடைசி. ஆகவே பெயரோடு வரிசை எண்ணையும் சொல்லிப் பழக்க வேண்டும். ஒரு கருவியில் 16 பொத்தான், நோட்டாவும் சேர்த்து. 15 பேருக்கு மேல் நின்றால் இரண்டாவது கருவி வரும், உங்கள் பெயர் எந்தக் கருவியில் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

வாக்குப்பதிவு நாளில் ஒரே ஒரு காகிதம்தான் முக்கியம் என்று சொன்னால் மிகையில்லை. படிவம் 17சி. எத்தனை ஓட்டுப் பதிவானது, எந்த எண் கொண்ட கருவி, எந்த எண் முத்திரை என்று சாவடித் தலைமை அலுவலர் எழுதித் தருவது. முடியும் நேரத்தில் உள்ளே இருக்கும் ஏஜென்டுக்கு நகல் தர வேண்டும் என்பது விதி. ஏஜென்ட் இல்லாத கட்சிக்கு நகல் இல்லை. 300 சாவடியில் 300 பேரை உட்கார வைக்க மூன்றாவது கட்சியால் முடிவதில்லை. மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்தவர் திரும்பிப் போவதில்லை, பக்கத்துக் கட்சி ஏஜென்டே பிரியாணி வாங்கித் தந்து அனுப்பிவைப்பதும் உண்டு. விடியற்காலையில் குறைந்தது 50 ஓட்டுப் போட்டு நடக்கும் மாதிரிப் பதிவுக்கு ஆள் இருந்தால்தான் அதை அழித்துவிட்டார்களா, காகிதச் சீட்டுகளை எடுத்துவிட்டார்களா என்று பார்க்க முடியும். ஆள் பற்றாக்குறை என்றால் தேர்ந்தெடுத்த 40 சாவடியில் மட்டும் இரண்டு பேர், முறை மாற்றி. மீதியில் ஆள் கிடைத்த வரைக்கும். எண்ணும் நாளில் 14 மேசை என்றால் 300 சாவடிக்கு 22 சுற்று. மேசைக்கு ஓர் ஆள், கையில் அந்தந்தச் சாவடியின் 17சி. கருவி காட்டும் மொத்தம் அதோடு ஒத்துப்போகிறதா என்பதே அவர் வேலை. யார் முன்னிலை என்று வெளியே போன் செய்வது அவர் வேலையல்ல.

செலவுக் கணக்கில் பொறியாளர் திணற மாட்டார். ஆனால் தோற்ற அலுப்பில் விட்டுவிடுவார். மனுவுக்கு ஒரு நாளாவது முன்பே தனி வங்கிக் கணக்கு, ஒருவருக்கு மொத்தமாக 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கிடையாது, வரம்பு 40 லட்சம். வரம்பைத் தொடுகிற அளவுக்கு மூன்றாவது கட்சியிடம் பணம் இருக்காது, அது பிரச்சினையில்லை. நாற்காலிக்கு, டீக்கு, இட்லிக்கு மாவட்டத் தேர்தல் அலுவலர் விலைப் பட்டியல் வைத்திருப்பார். பொதுப்பணித் துறை விலை விகிதம் போலத்தான். உங்கள் கூட்டத்தை வீடியோ எடுத்து, அந்த விலையில் அவர்களே ஒரு நிழல் பதிவேடு எழுதுவார்கள். உங்கள் பதிவேட்டில் 50 நாற்காலி, அவர்கள் வீடியோவில் 200 என்றால் நோட்டீஸ் வரும். முடிவு அறிவித்த 30 நாளுக்குள் கணக்கைத் தர வேண்டும். 47 ஓட்டு வாங்கியவரும்தான். தராவிட்டால் அதே சட்டத்தின் 10ஏ பிரிவில் மூன்றாண்டு எந்தத் தேர்தலிலும் நிற்க முடியாது, உள்ளாட்சித் தேர்தல் நடுவில் வந்துவிட்டால் அந்த நட்டம் தனி.

ஏறக்குறைய அந்த மாதத்திலேயே இன்னொரு காகிதமும் கிடைக்கும், படிவம் 20. எந்தச் சாவடியில் எந்த வேட்பாளருக்கு எத்தனை என்று வரிவரியாக இருக்கும். எக்செலில் ஏற்றி உங்கள் பெயருள்ள பத்தியை இறங்குவரிசையில் வைத்துப் பாருங்கள். மேலே சில சாவடியில் 90, 104, 131 இருக்கும், கீழே நூற்றுக்கணக்கான சாவடியில் ஒற்றை இலக்கம். 131 வந்த சாவடிக்கு எதிரில் எந்தச் சாலை, எந்த அளவுப் புத்தகம், யார் உட்கார்ந்த ஏஜென்ட் என்று பக்கத்துப் பத்தியில் எழுதிக்கொள்ளுங்கள். முடிவு மே மாதத்தில் வந்திருந்தால் அடுத்த கிராம சபை ஆகஸ்ட் 15.